முளைப்பாரிச் சோளத்துக்கு ஒரு விலை

மண்டிக்காரர் சாக்குக்குள் கையை விடுவார். ஒரு கை சோளத்தை அள்ளுவார், ஆனால் அதைப் பார்க்க மாட்டார். மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்ப்பார். விலை அங்கேதான் எழுதியிருக்கிறது போல. "ஈரம் இருக்கேண்ணே" என்பார். களத்து வெயிலில் காய்ந்து காய்ந்து நானே கருவாடாகிக் கிடக்கிறேன், சோளத்துக்கு மட்டும் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்க மாட்டேன். கேட்டால் அடுத்து "தூசி இருக்கேண்ணே" என்பார்.

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் காடு. மழையை நம்பிய மானாவாரி. சோளம் போடுவோம், ஊடே தட்டப்பயறும் மொச்சையும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். காலையில் திருநீறு பூசாமல் காட்டில் கால் வைத்ததில்லை. அந்த வருடம் அம்மன் கண் திறந்து மழையைக் கொடுத்தாள். வீட்டு முன் அறை முழுக்க மூட்டை. சாமி படத்துக்கு விளக்கேற்ற வேண்டுமென்றால் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் போக முடியும். எனக்குத் தொந்தி வேறு. கொடுத்த சாமிக்கு நன்றி சொல்லப் போனால் கொடுத்ததே வழிமறித்தது.

"பாருங்க, ஆத்தா மூடைக்கு மேல எட்டிப் பாத்து, எப்படா இத விக்கப் போறேன்னு கேக்குறா" என்பாள் என் மனைவி.

விளையாட்டாகச் சொன்னாலும் அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். இந்தத் தடவையும் மண்டி விலைதான் என்றால் உழவுக்கும் அறுப்புக்கும் கொடுத்தது போக எங்களுக்கு மிஞ்சுவது சோளத்தட்டைதான். அப்படி ஆனால் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு, கப்பலூர் பக்கம் ஏதாவது கம்பெனியில் நான் வாட்ச்மேன் வேலைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தோம். பேசி வைத்தது அவள். தலையாட்டியது நான்.

ஆகவே மஞ்சப்பையில் சாம்பிள் சோளத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனதே கப்பலூருக்குத்தான். கோழித்தீவனம் அரைக்கிற ஒரு சின்னக் கம்பெனி. கேட்டில் இருந்த வாட்ச்மேன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "லாரி லாரியாத் தர முடியுமாண்ணே?" என்றார். என்னிடம் இருப்பது ஒரு முன் அறை நிறைய. அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தேன். ஒரு கால் உடைந்து கம்பி வைத்துக் கட்டியிருந்தது. நாளைக்கு நமக்கும் இதுதானோ என்று நினைத்ததும் முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அடுத்தது டவுனில் ஓர் இயற்கை அங்காடி. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. அங்கிருந்த தம்பி ரொம்ப மரியாதையான பிள்ளை. சோளத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இந்தச் சோளத்துக்குப் பின்னாடி என்ன கதை இருக்கு?" என்று கேட்டது.

"கதையா? வெதச்சேன், வெளஞ்சுச்சு தம்பி."

அந்தக் கதை அதற்குப் போதவில்லை. சோளத்தைக் கையில் அள்ளிச் சிரிக்கச் சொல்லி என்னை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டது. "சிரிங்கய்யா, இன்னும் கொஞ்சம்" என்றது. சிரித்தேன். இரண்டு கிலோ வாங்கியது. வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். "சிரிச்சதுக்கு ஒரு கிலோ, சோளத்துக்கு ஒரு கிலோவா?" என்றாள் மனைவி.

அன்றைக்கு ஊர் திரும்ப மனமில்லை. அவனியாபுரத்தில் தங்கை வீடு இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். நாலு பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேர். மிச்சச் சோளம் மடியில். எதிரே முழங்கால் இடிக்க ஓர் அம்மா, நாற்பது வயதிருக்கும், நெற்றி நிறைய குங்குமம். பையையே பார்த்துக்கொண்டு வந்தவர், கேட்காமலேயே கையை விட்டு நாலு மணி எடுத்து, பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது மொளைக்குமா?"

எத்தனையோ வருடமாகச் சோளம் விற்கிறேன். ஈரமா, தூசியா, எத்தனை லாரி, என்ன கதை, எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

"மொளைக்காம? போன மாசம் அறுத்ததும்மா. மருந்து மாத்திரை எதுவும் போடல, வேப்பிலைதேன் போட்டு வச்சிருக்கோம்."

அவர் வீடு என் தங்கை வீட்டுக்கு அடுத்த தெரு. பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிற பெண்களுக்கு அவர்தான் தலைவி மாதிரி. சோளமும் பயறும் மொச்சையும் கலந்து மண்சட்டியில் விதைத்து, இருட்டு அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, இளமஞ்சளாக வளர்த்துத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போவார்கள். அது செழித்தால்தான் ஊர் செழிக்கும். போன வருடம் கடையில் வாங்கிய தானியம் பழசு போல, பாதி முளைக்கவில்லை. தெருவே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றதாம்.

ஒரு கை சோளத்தை முந்தானையில் முடிந்து, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். சிரட்டையில் போட்டுப் பார்த்திருக்கிறார். சில நாள் கழித்துப் போன் வந்தது. "அண்ணே, ஒண்ணு பாக்கியில்லாம மொளச்சுக் கெடக்கு! வெள்ளச் சோளம், தட்டப்பயறு, மொச்ச, எல்லாம் கொண்டாங்க!"

வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். தங்கை வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். மூட்டையைப் பிரித்ததும் ஒருத்தி குலவை போட்டாள். எல்லாரும் போட்டார்கள். மண்டியில் என் சோளத்துக்கு யாரும் குலவை போட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலைவியம்மா கேட்டார், "எம்புட்டுண்ணே?"

சாமி காரியம். எனக்கு மழை கொடுத்தவளுக்கு முளைப்பாரி. அதற்கு எப்படி விலை சொல்வது? "நீங்களாப் பாத்துக் குடுக்குறதக் குடுங்க தாயி" என்றேன்.

பார்த்துக் கொடுத்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு தேங்காய், ஒரு சீப்பு பழம், மனைவிக்கு ரவிக்கைத் துணி, மேலே மஞ்சள் தடவிய கொஞ்சம் பணம். மண்டி விலைக்கும் கீழே.

வீட்டுக்கு வந்து தாம்பாளச் சாமானை மூட்டை மேல் பரப்பினேன். மனைவி தேங்காயைத் தட்டிப் பார்த்தாள்.

"தேங்கா நல்ல தேங்காதேன். இத ஊத்துனா டிராக்டர் ஓடுமா?"

"சாமி காரியத்துக்கு எப்படித்தா வெல சொல்றது?"

"வாட்ச்மேன் யூனிபார்முக்குத் துணி எடுத்துக் குடுக்காம ரவிக்கைக்கு எடுத்துக் குடுத்திருக்காகளே" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள். இப்போது ஒருக்களிக்காமல் போக முடிந்தது. அதற்காவது ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவனியாபுரத்திலேயே வேறொரு தெருவிலிருந்து போன். "அந்தத் தெருவுக்குக் குடுத்தீகளாமே. அதவிட ஒசத்தியா எங்களுக்கு வேணும்." இந்த முறை மனைவியும் வேனில் ஏறிக்கொண்டாள். என்னை டிரைவர் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டாள்.

அந்தத் தெருப் பெண்கள் எம்புட்டு என்று கேட்டதும், மனைவி நெஞ்சில் கையை வைத்து ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு, பளிச்சென்று ஒரு விலை சொன்னாள். மண்டி விலைக்கு மேலே, நல்லா மேலே. எனக்கு வேர்த்துவிட்டது.

"என்னக்கா, சாமி காரியத்துக்கு இம்புட்டுச் சொல்றீக?" என்றாள் ஒரு பெண்.

"மேளத்துக்குப் பேசிட்டீகளாத்தா?"

"பேசியாச்சே."

"ஓசியா அடிக்கிறாகளா?"

"யாருக்கா ஓசியா அடிப்பா?"

"பூவு? சட்டி? சீரியல் செட்டு? மைக்குக்காரரு?"

"எல்லாத்துக்கும் காசுதேன்."

"அப்ப வெதச்சவன் மட்டும் ஓசியா?"

அங்கிருந்த ஒரு கிழவி கெக்கலித்துச் சிரித்தாள். "நல்லாத்தேன் கேக்குறா. குடுங்கடி." கொஞ்சம் பேரம் பேசினார்கள். மனைவியும் கொஞ்சம் இறங்கினாள். பணம் கைக்கு வந்தது. திரும்பும்போது டிரைவர் தம்பி என் காதில், "அண்ணே, அடுத்த தடவ நீங்க வேண்டாம், அக்காவ மட்டும் அனுப்புங்க" என்றான்.

எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது. ஒரே களத்துச் சோளம். ஒரு தெருவுக்குச் சும்மா கொடுத்த மாதிரி, இன்னொரு தெருவுக்கு விலை சொல்லி. விலை சொன்ன தெருவில் முளைக்காமல் போனால்? அது ஆத்தா எனக்குச் சொல்லும் பதில். அதோடு முளைப்பாரி வியாபாரமும் முடிந்தது, கப்பலூர் நாற்காலிதான்.

போய்ப் பார்த்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முளைப்பாரி அறைக்குள் ஆம்பளை எட்டிப் பார்க்கக் கூடாது. தங்கைக்குப் போன் போட்டேன். அவள் முதல் தெருப் பெண்களோடு சேர்ந்து முளைப்பாரி போட்டிருந்தாள்.

"ஏத்தா, மொளச்சுருச்சா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுண்ணே."

"எனக்குக் கூடவா?"

"நீ ஆம்பளதான?"

தங்கை மாப்பிள்ளையிடம் கேட்டேன். "மாப்ள, லேசா எட்டிப் பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"மச்சான், எனக்குப் பொங்கலும் வேணும், பொங்கலுக்கு மறுநா சோறும் வேணும்" என்று வைத்துவிட்டார்.

மனைவி எதுவும் நடக்காத மாதிரி இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். ஆனால் தினமும் விளக்கேற்றும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். கவனித்தேன்.

ஊர்வல நாள் சாயங்காலம் இரண்டு பேரும் அவனியாபுரத்தில் தெருமுனையில் நின்றோம். மேளம் முதலில் வந்தது. அதன் பின்னால் தலைவியம்மா தெரு. முளைத்திருந்தது! கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் ஓரமெல்லாம் ஓங்கி வளர்ந்து, நிறையச் சட்டிகளில் நடுவில் அமுங்கிக் கிடந்தது. என் தலை மாதிரி. பின்னால், விலை கொடுத்து வாங்கிய தெரு வந்தது. சட்டிக்குச் சட்டி ஒரே உயரம், பொன்னாட்டம், தலைக்கு மேல் காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. கும்பிட்ட கையை இறக்கவே தோன்றவில்லை. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் தலைவியம்மா என்னைப் பிடித்துவிட்டார். "அண்ணே, அவுகளுக்கு வேற சோளமா குடுத்தீக?"

"ஆத்தா சத்தியமா ஒரே களம் தாயி."

பின்னால் நின்ற என் தங்கை வாயை அடக்க முடியாமல் சொன்னாள். "மூட மூடையாக் கெடக்கேன்னு இவுக அள்ளி அள்ளிப் போட்டாகண்ணே. நெருக்கியடிச்சு நடுவுல அவிஞ்சு போச்சு. அவுக காசு போட்டு வாங்குனதாச்சேன்னு எண்ணி எண்ணி வெதச்சிருக்காக."

தலைவியம்மா முகத்தில் கோபம் வந்து, அது சிரிப்பாக மாறியது. என் மனைவி பக்கம் திரும்பினார். "மதினி, அடுத்த வருசம் எங்களுக்கும் நீங்க வாங்க. வெல சொல்லுங்க."

உள்ளே போனோம். மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து உண்டியலில் கொஞ்சம் போட்டாள். எதற்கு என்று பார்த்தேன். "மண்டிக்காரருக்குக் கமிசன் குடுத்தோம்ல. இது இவளுக்கு."

மறு வருடமும் விதைத்தோம். எல்லா மூட்டையும் முளைப்பாரிக்குப் போய்விடாது, மிச்சம் இன்னும் மண்டிக்குத்தான். மண்டிக்காரர் இன்னும் காற்றாடியைத்தான் பார்க்கிறார். ஆனாலும் சுற்று வட்டாரத்தில் தெருத்தெருவாக, ஊர் ஊராகக் கேட்டு வருகிறார்கள். காடு தரிசாகவில்லை. கப்பலூர் வழியே பஸ்ஸில் போகும்போது அந்த வாட்ச்மேனுக்கு ஜன்னலிலிருந்து ஒரு கும்பிடு போடுவேன். அவர் யாரென்று தெரியாமலே திருப்பிப் போடுவார்.

அந்தப் பங்குனிக்குத் தலைவியம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மூட்டையில் கையை விட்டு, நாலு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "எம்புட்டுண்ணே?" என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நீங்களே சொல்லுங்கள் என்று தாடையைத் தூக்கினாள். படத்திலிருந்த ஆத்தாளைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"யாத்தீ, இம்புட்டா?" என்றார் தலைவியம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டை மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. "கொறச்சுச் சொல்லுங்கண்ணே."

கண்ணைத் திறந்தேன். விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. பேரம் தொடங்கியது.