விதைக்கடலை தின்ற வாய்

பிள்ளைகளே, கடலை விதைக்கும் நாளில் எங்கள் வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. நான் ஏர் ஓட்டுவேன். என் அக்காவும் என் மனைவியும் பின்னால் நடந்து, உழுத சாலில் ஒவ்வொரு பருப்பாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். ஒரு வருடம் ஆடியில் என் மகளும் தனக்கு ஒரு விதைக்கூடை வேண்டும் என்று வந்து நின்றாள். அவளுக்கு எட்டு வயது. கூடை கைக்கு வந்துவிட்டால் பெரியவர்களோடு சேர்ந்துவிட்டதாக எண்ணம்.

கொடுத்தேன். மல்லசமுத்திரம் போகும் வண்டித்தடத்தை ஒட்டியது எங்கள் கடலைக்காடு. முதல் சாலில் கவனமாகத்தான் போட்டாள். வெயில் ஏறியபின் திரும்பிப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரம் கடலையின் சிவப்புத் தோல்.

அக்காவும் பார்த்துவிட்டாள்.

"தம்பி, உம்புள்ள வெதைய மண்ணுக்குப் போடறாளா, வவுத்துக்குப் போடறாளா? கூடையப் புடுங்கிட்டு முதுகுல ரெண்டு வெச்சு ஊட்டுக்குத் தொரத்து!"

"நாந் திங்கலீங்க அத்தை" என்று மகள் வாயைத் திறந்தாள். பாதிப் பருப்பு கீழே விழுந்தது. என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப மிச்ச வெதைய வேப்பெண்ணெயில பொரட்டி உடு. எப்படித் திங்கறாள்னு நானும் பாக்கறேன்" என்றாள் அக்கா.

அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. கசப்புக்குப் பயந்து கையை எடுப்பவள், கசக்காத பண்டத்தை என்ன செய்வாள்? அடித்தாலும் அதே கதைதான். என் தலை மறைந்ததும் கை கூடைக்குள் போகும். வேண்டாம் என்று அவளுக்கே தோன்ற வேண்டும். அதற்கு என்ன வழி என்று எனக்கும் தெரியவில்லை.

"கூடை அவகிட்டயே இருக்கட்டுங்க அக்கா" என்று மட்டும் சொல்லி மாட்டை ஓட்டினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த சாலுக்குப் போனாள்.

நல்ல மழை பெய்தது. கடலை முளைத்ததும் மகளைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். மற்றச் சால்களில் முளைகள் நெருக்கமாக நின்றன. அவள் போட்டதில் இரண்டு முளை, பிறகு வெறும் மண், மறுபடி ஒரு முளை. அவள் ஓரமாகவே கடைசிவரை நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"இதெல்லாம் நாந் தின்னதுங்களாப்பா?"

"ஆமா சாமி."

"இனி மொளைக்காதுங்களா?"

"அந்தப் பருப்பு மொளைக்காது. ஈரம் இருக்குது, வேற ஊனலாம்."

வீட்டுக்கு ஓடினாள். மீந்திருந்த விதையைப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து, குச்சியால் குழி நோண்டி ஊன்ற ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"அப்பா, பசிச்சா கை தானாப் போவுதுங்க. அடுத்த தடவ வெதைக்கப் போறதுக்கு முன்னாலயே எனக்குத் திங்க ஒரு கை கடல குடுத்துருங்க. அப்புறம் கூடையத் தொட மாட்டேன்."

இத்தனை வருடம் விதைத்தும் இது எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்த ஆடியில் என் மனைவி வறுத்த கடலை ஒரு கை கொடுத்த பிறகே அவள் கூடையைத் தூக்கினாள். முளை வந்ததும் எல்லோரும் பார்க்கப் போனோம். ஓரிடம் தவிர வரிசை நிறைந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

"அது நானுங்க அத்தை. ரெண்டே ரெண்டு" என்று சொல்லி, மடியிலிருந்து இரண்டு பருப்பை எடுத்தபடி அவள் அங்கே குந்தினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அடுத்த வருசம் இவளுக்கு ரெண்டு கையாக் குடுக்கோணும் தம்பி" என்றாள்.