மூன்றாம் ஓலை

எங்கள் தாய்மாமனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ராமேசுவரம் தீவில், அலை வாசல்வரைக்கும் வந்துபோகிற ஊரில் பிறந்தவர், வள்ளத்தில் கால் வைத்தால் போதும், குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுப்பார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த ஊர், அவரை மாதா கோயிலுக்கு உபதேசியார் ஆக்கிவிட்டது. சாமியார் மாதம் ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவதும், கல்யாண ஓலை வாசிப்பதும் மாமாவின் வேலை. கல்யாணம் ஆகாதவர். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான்.

அவரைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. வழியில் நாய் படுத்திருந்தால் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். ஒன்பது வயதுப் பெண் நான் முன்னே நடக்க, அவர் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு பின்னே வருவார். அப்போஸ்தலர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருந்ததையும், பரிசுத்த ஆவி இறங்கிய பிறகு அவர்களின் தலைவரான இராயப்பர் வெளியே வந்து ஊரே கேட்கப் பேசியதையும் ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுப்பார். ஆனால் சொல்லுகிற குரல் முதல் வரிசையைத் தாண்டாது. பின்னால் இருக்கிற நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் கோயில் கதவில் அப்போது இரண்டு பூட்டுகள் தொங்கின. திருநாளில் சப்பரம் முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் அடிதடி ஆகி, எங்கே மற்றவன் நமக்குத் தெரியாமல் சப்பரத்தைத் தூக்கிவிடுவானோ என்று ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். மேலத்தெருச் சாவி எங்கள் அய்யாவிடம் இருந்தது; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கீழத்தெருச் சாவி அந்தத் தெருத் தலைவரின் அரைஞாண் கயிற்றில். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து, அவரவர் பூட்டைத் திறந்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் அக்காவுக்கு அக்காள்மடத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தலைவர் மகனுக்கும் அதே சமயத்தில் பெண் அமைந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவு மாதிரித் தடை தெரிந்தவர்கள் அப்போதே சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுப்பார். இரண்டு கல்யாணத்துக்கும் இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு ஓலை, மறுநாள் திங்கட்கிழமை இரண்டு கல்யாணமும். புதன்கிழமை சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடியும்வரை ஊரில் கல்யாணம் கிடையாது. அக்காவின் மாப்பிள்ளையோ அதற்குள் இலங்கைக்குக் கப்பலேறுகிறவர். இந்தத் தேதி தவறினால் அந்தச் சம்பந்தமே போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையில், கரைவலை இழுக்கும் இடத்தில் எங்கள் அண்ணனுக்கும் தலைவர் மகனுக்கும் கைகலப்பு. நாளைக்குக் கீழத்தெருச் சாவி வராது என்று தலைவர் சொல்லியனுப்பிவிட்டார். "அவுக மகன் ஓலையும்ல சேந்து நிக்கும்?" என்றாள் அம்மா. அந்தப் பேச்சை அய்யா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவிடம், "ஏலே மாப்ள, நம்ம பிள்ள ஓலைய மட்டும் கோயில் வாசலுல நின்னு வாசி. அவன் மகன் ஓலையத் தொடாத. சாவி தன்னால வந்து விழும்," என்றார். மாமா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். அடுப்படியில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் பூட்டிய கதவுக்கு முன்னால் மாமா நின்றார். அவருடைய வலது கைப் பக்கம் நாங்கள், இடது கைப் பக்கம் கீழத்தெருக்காரர்கள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். செபம் முடிந்ததும் மாமா பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். காற்றே இல்லை, ஆனாலும் காகிதம் படபடவென்று அடித்தது. எனக்கு மானமே போயிற்று. கீழத்தெருப் பிள்ளைகள் நாளைக்கு என்னை என்னவெல்லாம் சொல்லப்போகிறார்களோ என்றுதான் கவலை.

முதலில் அவர் வாசித்தது தலைவர் மகனின் பெயரை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு இப்படிச் செய்கிறாரே! மாமா திக்கித் திக்கி வாசித்து, "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்," என்று முடித்துவிட்டு நிறுத்தினார்.

அய்யா தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது ஒரு உறவுமுறைச் சிக்கலைக் கிளப்ப அய்யாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கடற்கரையில் யார் யாருக்குச் சொந்தம் இல்லை? ஒரு வார்த்தை போதும், விசாரித்து முடிக்கவே தவக்காலம் வந்துவிடும்.

மாமா காகிதத்தை இறக்கினார். "தடை இருந்தாச் சொல்லுங்க மச்சான். சாமி வாசலுல நிக்கிறோம். பொய் மட்டும் வேண்டாம்."

குரல் நடுவில் உடைந்தது. ஆனால் கடைசி வரிசையில் நின்ற கிழவர்வரைக்கும் அது கேட்டது. அய்யா தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒண்ணுமில்லலே. மேல வாசி," என்றார்.

மாமா அக்காவின் ஓலையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே தலைவர் அரைஞாணில் கை வைத்தார். உப்புக் காற்றில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. இழுத்துப் பார்த்தார், பல்லைக் கடித்துப் பார்த்தார், அவிழவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கதவோடு வயிற்றை ஒட்டி நின்று, இடுப்பில் இருந்தபடியே சாவியைப் போட்டுத் திருகினார். முதலில் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர் மனைவியே சிரித்துவிட்டாள். அய்யாவும் போய்த் தன் பூட்டைத் திறந்தார்.

திங்கட்கிழமை ஒரே பீடத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம் நடந்தது. வாசலில் வாசித்த ஓலை செல்லுமா என்று யாரோ கேட்டதற்கு, "ஊருக்கே கேட்டுச்சுல்ல, பெறகென்ன?" என்று சாமியார் சொல்லிவிட்டார். அய்யா மாமாவோடு பேசவில்லை. பாஸ்கு விருந்தன்றுதான், அதுவும் அம்மாவைப் பார்த்து, "அந்த மீன் தலைய அவனுக்கு வை," என்றார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் கோபத்தில் ஒரு வாரம் நாய்த் துணைக்குப் போகவில்லை. அவர் குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தனியாகப் போய்வந்தார்.

வாசிக்கும்போது தடுமாறிய இடத்திலெல்லாம் மாமா தலையை வலது பக்கம், நாங்கள் நின்ற பக்கம், திருப்பினார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீழத்தெருக்காரர்களுக்குப் பயந்துகொண்டு, தைரியத்துக்கு எங்களைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் வளர்ந்து, கல்யாணமாகி, ஒருநாள் என் வீட்டாருக்கு எதிராக ஒரு நியாயத்தைச் சொல்ல நாலு பேர் நடுவில் எழுந்து நின்றேன். அன்று என் கையும் அப்படியே நடுங்கியது. அப்போதுதான் தெரிந்தது. கீழத்தெருத் தலைவரைப் பார்த்து மாமா ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அவர் பயந்தது எங்களுக்குத்தான்.