பத்தியத்தையே விரதமாக்கித் தந்த முருகன்

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் குரல் போயிற்று. தச்சநல்லூரில் எங்கள் தெருப் பஜனைக் குழுவில் பதினோரு வருஷமாக நான்தான் முதல் அடி எடுத்துக் கொடுப்பேன். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அன்று வாயைத் திறந்தேன், பழந்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த அடிக்கு அதுவும் இல்லை.

பக்கத்தில் இருந்த சங்கரி சட்டென்று அந்த அடியைப் பிடித்துக்கொண்டாள். என் கொழுந்தன் மனைவி. கல்யாணமாகி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. என்ன குரல் என்கிறீர்கள்! ஒரு பிசிறு இல்லை. ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணாச்சி கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கு அவர் ஒரு நாளும் அப்படித் தலையாட்டியதில்லை.

"கோமதி, நீ கொஞ்ச நாள் சும்மா இரு. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கதுக்குள்ள சரியாயிட்டா பாப்போம். அதுவரைக்கும் இவ எடுக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். மாடி வீட்டில் அவள் பாடிப் பழகுவது கீழே எனக்குக் கேட்கும். நான் மிக்சியைப் போட்டுவிடுவேன். "ஏளா, வெறும் மிக்சிய எதுக்கு ஓட்டுத?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். விளக்கு முன்னால் நின்று, 'முருகா, அவளுக்கு ஒரு ஜலதோஷமாவது கொடு' என்று வேண்டியிருக்கிறேன். அவனுக்குத் தெரிந்ததை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வாள்? நான் மிளகை மென்றேன். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை என்று ஒன்று விடவில்லை. குரல் இன்னும் கீழே போனது. படுத்தால் நெஞ்சு எரிந்தது, புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்தது. ஒரு விடியற்காலை எரிச்சல் தாங்காமல், இருதயம்தான் நிற்கப்போகிறது என்று பயந்து அழுதேன். வீட்டுக்காரர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இருதயம் நன்றாக இருந்தது. டாக்டரம்மா நான் சாப்பிடுகிற முறையைக் கேட்டார். வெள்ளிக்கிழமை விரதம், பகலெல்லாம் வெறும் வயிற்றில் காப்பி, ராத்திரி பஜனை முடிந்து வடையும் புளியோதரையும், உடனே படுக்கை என்று சொன்னேன்.

"வயித்துல உள்ள அமிலம் மேல ஏறித் தொண்டையப் புண்ணாக்குதும்மா. நீங்க மிளகு வேற போட்டு அதை வளத்திருக்கிய" என்றார்.

கொஞ்ச நாளைக்கு மாத்திரை. காப்பி, மிளகு, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள், அதுவும் அரை வயிறு. சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும்.

ஆறு நாள் பத்தியம் இருந்தேன். ஏழாம் நாள் காப்பி மணம் வந்தது, போய்விட்டேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. பத்தியத்தை விட்டுவிட்டுப் பட்டினியைப் பிடித்துக்கொண்டேன். ஆறு நாளும் பகலில் காப்பி மட்டும், ராத்திரி வயிறு முட்ட. கடைசி நாள் பேச்சுக்கூட வரவில்லை. சத்தமே இல்லாமல் அழுதேன். 'முருகா, என் குரலைத் திருப்பிக் கொடு. என்னால் முடியவில்லை, ஒரு வழி காட்டு' என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் சங்கரி இறங்கி வந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியளே?"

"சொல்லு" என்றேன். காற்றுதான் வந்தது.

"மாலை போட்டுட்டா நீங்க செருப்பத் தொட மாட்டிய, வெங்காயத்தத் தொட மாட்டிய. டாக்டர் சொன்ன பத்தியத்த மட்டும் ஆறு நாளைக்கு மேல இருக்க மாட்டேங்கிய. அப்போ அதையே விரதமா வச்சு மாலையப் போடுங்களேன். காப்பி, மிளகு, ராத் தீனி எல்லாத்தையும் முருகனுக்கு விட்டுட்டேன்னு சொல்லிருங்க."

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? பிறகுதான் உடம்பு சிலிர்த்தது. நேற்று வழி கேட்டேன், இன்று அனுப்பியிருக்கிறான். 'அனுப்புவதற்கு உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?' என்று அவனிடம் சண்டைகூடப் போட்டேன்.

கார்த்திகை முதல் நாளே மாலை போட்டேன். ஆறரை மணிக்கு இரண்டு இட்லி. "கோழி அடையுத நேரத்துல சாப்பிடுதா பாரு" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்தவரும் அவர்தான். சாப்பிட்டபின் தெருவில் பைய நடப்பேன். காப்பி இல்லாத முதல் வாரம் தலை வெடித்தது. கழுத்தில் மாலை கிடந்ததால் கை போகவில்லை. மார்கழியில் கோயிலில் வெண்பொங்கல் தந்தார்கள், மேலெல்லாம் மிளகு. கண்ணில் ஒற்றிக்கொண்டு சங்கரியிடம் கொடுத்தேன். அவள் தன்னுடையதையும் என்னுடையதையும் தின்றுவிட்டு, உடனே ஒரு பாட்டை எடுத்தாள். அவளுக்கு ஒன்றும் செய்யாது. அந்த வயிற்றைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, புளிப்பில்லாமல் விழித்தேன். முகம் கழுவிவிட்டு ஒரு அடி பாடிப் பார்த்தேன். வந்தது. இன்னொரு அடி. அதுவும் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தைப்பூசத்துக்குப் பச்சை உடுத்தித் திருச்செந்தூர் நடந்தோம். என் குரலைக் கேட்டு அண்ணாச்சி தலையாட்டினார். ஆனால் முதல் அடி சங்கரியிடமே இருந்தது. வழியெல்லாம் அவள் எடுத்தாள், நான் திருப்பிப் பாடினேன். சந்நிதியில் நின்று யோசித்தேன். குரலைத்தான் கேட்டிருந்தேன், கொடுத்துவிட்டான். இடத்தைக் கேட்கவில்லை.

அன்பானவர்களே, நெஞ்செரிச்சலோடு இருக்கிறவர்கள் டாக்டரைப் பாருங்கள். அவர் சொன்னதை உங்களால் கடைப்பிடிக்க முடியாவிட்டால் முருகன் காலடியில் வைத்துவிடுங்கள். அவன் கடைப்பிடிக்க வைப்பான். மாலையைக் கழற்றிய பிறகும் என் சாப்பாடு ஆறரைக்குத்தான், காப்பியைத் தேடுவதில்லை.

சங்கரி பாட்டில் உச்சிக்குப் போகும்போது மட்டும் என் மனசு இன்னும் ஓரமாக நின்று முறைக்கிறது. அதையும் அவனிடம் சொல்லியாயிற்று. அதற்கு எத்தனை மாதப் பத்தியமோ தெரியவில்லை. இருந்துவிடுவேன்.