மத்தியானம் கழற்ற வேண்டிய வயர்

எங்கள் கூரையில் இரண்டு சோலர் தகடுகள் இருக்கின்றன. அவற்றைச் செய்த கம்பனி இப்போது இல்லை. இருபத்தைந்து வருட உத்தரவாதம் தந்துவிட்டு, பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் போய்விட்டது. தகடுகள் இன்னும் தாக்குப்பிடிக்கின்றன, நானும்தான்.

சமாதானக் காலத்தில் வாங்கியவை. வவுணதீவுக்கு உள்ளே எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் இல்லை. என் கணவர் வாங்கியது எங்கள் இருவருக்காக அல்ல. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குத்தான். அவள் கலியாணம் முடித்ததும் பெற்றவர்கள் அதே வளவுக்குள் ஒரு சின்னக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவோம். "குப்பி விளக்கு வீட்ட என்ட பிள்ளைக்குக் குடுக்க மாட்டன்" என்று சொல்லி அவரே கூரையில் ஏறித் தகடுகளைப் பூட்டினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏசினேன்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்க என்று வாவியைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனார். கடல் ஊருக்குள் வந்த நாள் அது. சைக்கிள் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. தேடிவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் பல்பு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது.

பிறகு சண்டை மறுபடி மூண்டு ஷெல் விழத் தொடங்கியது. ஊரை விட்டு வெளிக்கிடும்போது நானும் மகளுமாகத் தகடுகளைக் கழற்றி, உரப்பையில் சுற்றி, எருக்குழிக்குள் தாட்டோம். மாட்டெருவைக் கிளறிப் பார்க்கும் கள்ளனை நான் இன்னும் கண்டதில்லை. நாவற்குடாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில்தான் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. மருமகன் அந்த இடத்துத் தச்சன், நல்ல பிள்ளை. முறைப்படி அவர்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். "ஊர் அடங்கட்டும் மாமி, வாறம்" என்றார். நான் முன்னால் போய் வீட்டைத் துப்புரவாக்கி வைக்கிறேன் என்று தனியாகத் திரும்பி வந்தேன்.

எருக்குழிக்குள் தகடுகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பற்றரி நிரம்பியதும் தானாக நிற்பாட்டும் பெட்டியைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம், அதைக் கறையான் தின்றிருந்தது. ரவுனில் கம்பனிக் கந்தோர் இருந்த இடத்தில் ஒரு போன் கடை இருந்தது. "அவங்க வங்குரோத்தாகிப் போய்ட்டாங்க அக்கா" என்றான் கடைக்காரப் பையன். உத்தரவாத அட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

ஓட்டமாவடியில் பற்றரிக் கடை முஸ்லிம் நானா ஒருவர்தான் வழி சொன்னார். தகட்டை நேராகப் பற்றரிக்குக் கொடுக்கலாம். "ஆனா காலையில நீங்கதான் வயர மாட்டணும், மத்தியானம் நீங்கதான் கழட்டணும். மறந்தீங்க எண்டா பற்றரி கொதிச்சிப் போகும். கொழும்பில இருந்து பெட்டி வந்தாச் சொல்லி அனுப்புறன்" என்றார். அவர் சொல்லி அனுப்பவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் வேலையை நான் பார்த்தேன். வீடு மகளுடையது, அவள் வரும்வரை இருட்டில் கிடக்கக் கூடாது. காலையில் மாட்டுவேன், வெயில் உச்சிக்கு ஏறக் கழற்றுவேன். வயல் வட்டைக்குள் புல்லுப் பிடுங்க நின்றாலும் அந்த நேரத்துக்கு ஓடி வந்துவிடுவேன். "புருசனுக்குக்கூட நீ இப்பிடி ஓடல்லகா" என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். மழை மூடிய நாட்களில் கழற்றத் தேவையில்லை. அந்த நாட்கள்தான் நீளமாக இருந்தன.

வடக்கிலும் சண்டை ஓய்ந்தது. மருமகனுக்கு நாவற்குடாவில் வேலை மேல் வேலை, அவர்கள் வருவது தள்ளிப்போனது. மகள்தான் போனில் கூப்பிடுவாள். "ரெண்டு நாள் வந்து நில்லுங்க அம்மா." "எப்பிடி வாற? வயர ஆர் கழட்டுற?" என்பேன். பேத்தி பிறந்தபோது காலையில் மாட்டாமல் போய், பிள்ளையைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பினேன். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி வயர். பிறகு கூப்பிடுவது குறைந்தது. அவளுக்குக் குழந்தையோடு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் எங்கள் ஒழுங்கைக்கும் கரண்ட் தூண் வந்தது. பல்பு எரிந்த அன்றே பற்றரி வயரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். கை கால் கட்டவிழ்த்து விட்டதுபோல இருந்தது. பேத்திக்குச் சட்டைத் துணி எடுத்து வைத்துவிட்டு மகளுக்குப் போன் எடுத்தேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் வந்து நிற்பேன் என்று சொல்ல வாய் துடித்தது.

நான் வாய் திறக்கும் முன்னமே பின்னால் பேத்தியின் குரல் கேட்டது. ஆனா, ஆவன்னா என்று பெருத்த சத்தமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏடு தொடக்கியாச்சா?" என்றேன்.

"ஓம் அம்மா, போன கிழமை, சரஸ்வதி பூசையோட. மாமிதான், அவர்ட அம்மா, மடியில வச்சி எழுதினது." பிறகு சொன்னாள்: "உங்களுக்கு வயர் வேல இருக்குந்தானே. கரைச்சல் குடுக்கப்படாதெண்டுதான் சொல்லல்ல."

அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. என் மேல் உள்ள இரக்கத்தில் சொன்னாள். குத்திச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசியிருப்பேன்.

"அங்க கரண்ட் எப்ப வருமாம்?" என்று கேட்டாள்.

"வரும், வரும்" என்றேன். அவள் சொல்லாமல் விட்டதற்கு வயர் என்ற காரணமாவது இருக்கட்டும்.

மறுநாள் காலையில் ஆணியில் கிடந்த வயரை எடுத்துப் பற்றரியில் மாட்டினேன். மத்தியானம் அதைக் கழற்ற வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.