இலைக்குக் கீழே கச்சான்

அமெரிக்கா கனடாவை வரி போட்டு மிரட்டியதிலிருந்து ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கைக்கு ஒரே பேச்சுதான்: "அமெரிக்கச் சாமான் வாங்காதை அக்கா, கனடாச் சாமானாப் பாத்து வாங்கு." எனக்கும் ஆத்திரம்தான். இங்கே பிரெஞ்சு நாட்டில், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கடையில் சிவப்பு மேப்பிள் இலை ஒட்டிய பிஸ்கட் பெட்டியைக் கண்டதும் எடுத்துவிட்டேன். என் மகளுக்குக் கச்சான், அதாவது வேர்க்கடலை, வாயில் பட்டாலே மூச்சு முட்டும். எதையும் வாசிக்காமல் வாங்காத நான், கனடா என்றதும் தங்கையே அனுப்பியதுபோல நம்பிவிட்டேன்.

புறநகர் பொண்டியில் உள்ள வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டியில் ஒட்டியிருந்த இலை வடிவாக, அழகாக இருக்கிறதென்று அதை உரித்தாள். "அம்மா, அத்தோந்!" என்று, பொறு என்பதைப் பிரெஞ்சில் கத்தினாள். இலைக்குக் கீழே அமெரிக்கத் தயாரிப்பு என்றும் கச்சான் கலந்தது என்றும் அச்சடித்திருந்தது. பிஸ்கட்டைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் கடைக்காரரைக் கேட்டால் சிரிக்கிறார். "எல்லாரும் கனடா எண்டுதானே கேக்கினம் தங்கச்சி, அதுதான் ஒட்டினனான்."

"என்ரை பிள்ளை செத்திருந்தால், அவளின்ரை பெட்டியிலையும் இலை ஒட்டியிருப்பியளோ அண்ணை?" என்று கடை அதிரக் கத்தினேன்.

இப்போது எந்தக் கடையிலும் இலையைக் கண்டால், கடைக்காரர் பார்க்கப் பார்க்க நகத்தால் உரித்து, கீழே உள்ளதை வாசித்துவிட்டுத்தான் கூடைக்குள் போடுகிறேன். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.