பூவரசம்பூவுக்கு இரண்டு நிறம்

எங்கள் காரைக்கால் முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அதில் ஒரு குறைச்சலும் இல்லை, கையில் வேலை இருந்தால். எனக்கு இல்லை. துபாய் விசா வாங்கித் தருகிறேன் என்று பம்பாய் ஏஜெண்ட் என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

தினமும் காலையில் மாமியார் ஆப்பத்தை வைத்துவிட்டு, "தபால் ஏதும் வந்துச்சா மாப்ளே?" என்பார். தபால்காரர் பதினோரு மணிக்குத்தான் வருவார் என்று அவருக்குத் தெரியாதா என்ன! பாதி ஆப்பத்தோடு எழுந்துவிடுவேன். விசா வந்தால்தான் அந்த வீட்டில் நான் நிமிர்ந்து நடக்க முடியும். அதுவரை கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தபால்காரர் கையை விரித்ததும் சைக்கிளில் கருக்களாச்சேரிக் கடற்கரை வரை போய், கடலைத் திட்டிவிட்டுத் திரும்புவேன்.

"இப்படியே நடந்தா சிமெண்டுத் தரை தேஞ்சு போயிடும் மச்சான்" என்றாள் என் மனைவி. அவள் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். செடிகொடிகளைப் பார்த்து அப்படியே வரைவாள். தன் வாட்டர் கலர் பெட்டியை என் முன்னால் தள்ளினாள். "கொல்லையில கெடக்கிற பூவரசம்பூவுல ஒண்ண எடுத்து வச்சுப் போடுங்க."

இதென்ன பெரிய வித்தையா என்று அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முன்னால இருக்கிற பூ என்ன கலரு?"

பார்த்தேன். முந்தின நாள் பூத்து உதிர்ந்த பூ, கருஞ்சிவப்பாகச் சுருண்டு கிடந்தது. நான் போட்டிருந்தது பளிச்சென்ற மஞ்சள்.

"நீங்க பாத்துப் போடல. பூவரசம்பூன்னா மஞ்சள்னு தெரியும், அதைப் போட்டுட்டீங்க."

சுருக்கென்று கோபம் வந்து தாளைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் வெட்கத்தை விட்டு அவளிடமே போய் உட்கார்ந்தேன். வரைந்த இலையின் மேல் முதலில் வெறும் தண்ணீரைத் தடவ வேண்டும். அது காய்வதற்குள் பச்சையை விட வேண்டும். அப்புறம் தொடவே கூடாது. அதுதான் என்னால் முடியாது. மறுபடி பிரஷ்ஷை வைப்பேன், இலை சேறாகிவிடும். "கையக் கட்டுங்க!" என்று அதட்டுவாள். கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருமாக ஓர் இலை காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். சில நாள் தபால் நேரம் தாண்டிப் போனதே தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒருநாள், அன்று பூத்த மஞ்சள் பூவையும், அதே பூ மறுநாள் சிவந்ததையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னாள். அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டிவிட்டு மரத்தடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மஞ்சளை விட்ட நேரம், வாசலில் "தந்தி!" என்று குரல். தந்திக்காரர் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு மாமியார் ஓடிவந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! விசா வந்துடுச்சு மாப்ளே! நாளைக்குக் காலையிலயே பம்பாய்க்குக் கெளம்பணுமாம்!"

"இருங்க மாமி, இது காயட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மாமியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மனைவி தந்தியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தாளின் காலிப் பாதியைப் பார்த்தாள்.

"நாளைக்குச் செவப்ப நான் போட்டுக்கறேன்" என்றாள்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அதை அந்த வீட்டில் யாரிடம் சொல்வது? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் எப்போதோ காய்ந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.