மட்கார்டுக்குள் ஒரு பிடிப் பட்டு

நிலாவைக் கழற்றிக் கொண்டுவந்து, ஆரணியில் அருள்தாஸின் டிங்கர் கடை வாசலில் இறக்கிப் போட்டால், அதில் இருக்கிற பள்ளங்களை எல்லாம் ஒரு பொட்டுப் பட்டி வைக்காமல் தட்டி எடுத்து, வழவழவென்று ஆக்கி, அடுத்த பௌர்ணமிக்குள் திருப்பி மாட்டிவிடுவார். ஜவ்வாது மலையைக்கூட நிமிர்த்தித் தரச் சொல்லி ஒருமுறை கேட்டுப் பார்த்தார்கள். மலை என்றால் மேடு பள்ளம் இருந்தால்தான் அழகு என்று அவர்தான் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்.

இதையெல்லாம் சொல்வது ஊர். அவர் பேசுகிற ஆளே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் வாயால் பேசியதைவிட விரல் முட்டியால் பேசியதுதான் அதிகம். கார்க் கதவைத் தட்டுவார். 'டிங்' என்றால் தகடு. 'தொம்' என்றால் பட்டி, அதாவது நசுங்கிய இடத்தை நிமிர்த்தாமல் பசையை அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து மறைத்த இடம். தட்டுகிற பழக்கம் காரோடு நிற்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் மூலையில் நின்ற பீரோவைத் தட்டி, "இதுல பட்டி வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் முடியவில்லை. அடுத்த வீட்டில் பீரோவே இல்லை, அங்கே முடிந்தது.

பெரணமல்லூரில் பிறந்து, சென்னைப் புதுப்பேட்டையில் அடி வாங்கித் தொழில் கற்று, ஆரணியில் கடை போட்டவர். 'பட்டி வைக்காத தாஸ்' என்று வேலூர் வரைக்கும் பெயர். பழைய காரை வைத்துக்கொண்டு, அதன் சொந்தத் தகடு மாறாமல் மீட்டெடுக்க வேண்டும் என்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வருவார்கள். அந்தப் பெயர் எதனால் வந்தது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். போன ஆவணி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆவணியில் பரிமளா போன் செய்தாள். பட்டு முதலாளி துரைக்கண்ணுவின் மருமகள். பெரியவர் காலமான பிறகு வியாபாரத்தை அவள்தான் பார்க்கிறாள். பெரியவருடைய எழுபத்தெட்டு மாடல் அம்பாசடர், முள்ளிப்பட்டில் அவர்களுடைய தறிக்கூடத்தை ஒட்டிய ஷெட்டில் ஒன்பது வருடமாக நின்றுகொண்டிருந்தது.

"புதுசா ஷோரூம் தொறக்கறோம்ணே. வாசல்ல இது நிக்கணும். எங்க மாமனாரு வாங்கினப்ப எந்தக் கலர்ல இருந்துச்சோ அந்தக் கலர்ல."

"அது இன்னா கலர்ம்மா?"

"அதானே பேஜாரு! நான் கல்யாணமாகி வந்தப்பவே வெள்ளை."

அவளுடைய கல்யாணத்துக்காகத்தான் அந்த வண்டிக்கு வெள்ளை அடித்தார்கள். அருள்தாஸுக்கு அது நன்றாகவே நினைவிருந்தது. போனை வைத்த பிறகு அன்றைக்கு முழுக்க அவர் எதையும் தட்டவில்லை.

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால், பானட் திறக்கவில்லை. உள்ளேயிருந்து இழுக்கிற பிடியை இழுத்ததும், அறுந்த கேபிள் கையோடு வந்தது. கூட வந்த மெக்கானிக் ஒருவன், "கட்டர் போட்டு அறுத்துடலாம் சார், ஜல்தியா முடியும்" என்றான். அருள்தாஸ் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெளித் தகட்டில் நாலு முறை பெயிண்ட் மாறியிருந்தது. கம்பெனியில் அடித்த நிறம் இன்னும் மிஞ்சியிருந்தால் பானட்டின் அடிவயிற்றில்தான் மிஞ்சியிருக்கும். அங்கே மறு பெயிண்ட் அடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. கட்டரின் சூட்டில் அதுவும் கருகிப் போகும்.

பூட்டு இருக்கும் இடத்தில் முதல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டார். மறுநாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நுனியைக் கொக்கியாக வளைத்த கம்பியை முன்பக்கத்து இடுக்கு வழியாக மேலே செலுத்தித் துழாவினார்.

"அம்மா, மேலேர்ந்து பானட்ட அமுக்குங்க."

"அமுக்கிகினுதாண்ணே இருக்கேன்!"

"இன்னும் நல்லா. பேங்க் மேனேஜர் கழுத்துன்னு நெனச்சிக்கங்க."

பரிமளா அமுக்கிய அமுக்கில் வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது. கொக்கி எதிலோ மாட்டியது. இழுத்தார். 'டக்'. ஒன்பது வருடத்துத் தூசி அவர் முகத்தில் விழ, பானட் வாயைத் திறந்தது.

உள்ளே, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த இடத்தில், ஒரு பச்சை. காய்ந்த ஏலக்காயின் பச்சை. பரிமளா கையைத் தட்டினாள். "அண்ணே, இந்தக் கலர்ல ஒரு பொடவை நெய்யச் சொல்லணும்!" என்று தறிக்காரரைக் கூப்பிட ஓடினாள்.

அருள்தாஸ் பச்சையைப் பார்க்கவில்லை. இடது மட்கார்டின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரு தின்று உதிர்ந்த ஓட்டையில், ஒரு பிடி நூல் விறைத்துப்போய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அரக்கு நிறப் பட்டு.

அவர் வைத்ததுதான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இதே ஆவணி. பரிமளாவின் கல்யாணத்துக்கு இரண்டு நாள். மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். கேஸ் தீர்ந்துபோயிருந்தது. முகூர்த்த நாள் என்று வேறு இரண்டு வண்டிகள் கடையில் நின்றன. அருள்தாஸ் தறிக்கூடத்துக்குள் போய், கீழே கிடந்த கழிவுப் பட்டில் ஒரு பிடி அள்ளினார். பசையில் தோய்த்து ஓட்டையில் திணித்தார். மேலே பட்டி. இரும்பைவிடப் பட்டு நூல் உறுதி என்று நெசவாளிகள் பேசிக் கேட்டிருந்தார். அது உண்மைதான். ஆனால் பட்டு தண்ணீர் குடிக்கும் என்பதை அன்றைக்கு யோசிக்கவில்லை.

பெயிண்ட் அடித்தவன் எழிலரசன். பக்கத்துக் கடை, ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம். ஸ்பிரே துப்பாக்கியைத் தூக்கும் முன் கேட்டான்: "உள்ள தகடு வச்சிட்டியா தாஸு?"

"வச்சாச்சு, அடிடா."

ஐப்பசியில் மழை பிடித்தது. தலை தீபாவளிக்குப் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில் போகும்போது, மட்கார்டு புண்ணைப் போல வீங்கி, பெயிண்டும் பட்டியும் ஒரு தோசை அளவுக்குப் பெயர்ந்து நடுரோட்டில் விழுந்தது. துரைக்கண்ணு இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பசையோடு இறுகிய பட்டு உள்ளே துருவைப் போலவே இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது பெயிண்ட். அதனால் எழிலரசனைத் திட்டினார். எழிலரசன் ஒன்றும் புரியாமல் அருள்தாஸைப் பார்த்தான். அருள்தாஸ் தன் செருப்பைப் பார்த்தார். பார்த்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வாயைத் திறந்தார்.

"பிரைமர் சரியா காயலையோ இன்னாவோ."

வாழ்நாளில் அதிகம் பேசாத மனிதர், பேசக்கூடாத ஒரு நாளில் பேசிய ஒரு வரி.

பட்டுக்காரர்கள் எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்று. ஒருவர் விலக்கிய பெயிண்டரை இன்னொருவர் தொடமாட்டார். ஒரு வருடம் ஈயோட்டிவிட்டு எழிலரசன் போளூருக்குக் குடிபோனான். டிராக்டர் டிரெயிலருக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயிண்ட் அடிக்கிறான் என்று கேள்வி. பெயர்ந்த இடத்தை மறுபடி பூசி மூடியது அருள்தாஸ்தான். பட்டை வெளியே எடுத்தால் விஷயம் வெளியே வரும், உள்ளேயே விட்டுவிட்டார். அந்த வாரத்திலிருந்து அவர் பட்டி டப்பாவைத் தொடவில்லை. அதை ஊர் தொழில் சுத்தம் என்றது. சுத்தமெல்லாம் இல்லை. அந்தப் பசையின் வாடை மூக்கில் ஏறினாலே அவருக்கு எழிலரசனின் முகம் வரும், அவ்வளவுதான்.

இப்போது யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிடத்தில் நூலைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். துருவை வெட்டி, தகடு வைத்துவிட்டால், உலகத்தில் அதற்கு அப்புறம் சாட்சியே கிடையாது. கையைக்கூடக் கொண்டுபோனார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போளூர் பஸ் ஏறினார். எழிலரசன் வீட்டு வாசலில் ஒரு கட்டிலுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. பெயிண்ட் எது, நரை எது என்று தெரியவில்லை.

"இன்னா தாஸு, வழி தப்பி வந்துட்டியா?"

"ஒரு கலரு காட்டணும்."

"உங்க ஊர்ல பெயிண்டரே கெடையாதா?"

"உன்னாண்டதான் காட்டணும்."

எதற்குக் கிளம்பினான் என்று எழிலரசனுக்கே தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். பழைய நிறம் என்றால் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். மத்தியானம் முள்ளிப்பட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஞாயிறு என்பதால் தறிக்கூடத்துக்கு லீவு. ஷெட்டில் இரண்டு பேர்தான். எழிலரசன் பானட்டின் அடியில் குனிந்து, பச்சையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தான். முகம் கொஞ்சம் மலர்ந்தது. நிமிரும்போது மட்கார்டு கண்ணில் பட்டது. இரண்டு விரலால் நூலைப் பிடித்து இழுத்தான். பாதி அறுந்து கையோடு வந்தது.

"இது இன்னாது?"

"பட்டு."

"தகடு வச்சியான்னு கேட்டனே."

"கேட்டே."

"வச்சேன்னியே."

"சொன்னேன்."

எழிலரசன் கத்துவான், ஸ்பேனரைத் தூக்குவான் என்று அருள்தாஸ் காத்திருந்தார். தூக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வண்டியின் முன் பம்பரில் மெதுவாக உட்கார்ந்தான்.

"உன்ன நான் சந்தேகப்படவே இல்லடா. என் கையத்தான் சந்தேகப்பட்டேன். பிரைமர் காயலையோ, காயலையோன்னு. போளூர் போயி பதினஞ்சு வருசம், எந்த வண்டி வந்தாலும் ரெண்டு நாளு கூடக் காய வச்சேன். லேட்டு பண்றான்னு ஒருத்தனும் வரல. அதுக்கப்புறந்தான் கட்டிலு, ஜன்னலு."

"எழிலு..."

"காஞ்சிதான் இருந்திருக்கு இல்ல? அன்னிக்கு?"

"காஞ்சிதான் இருந்துச்சு."

"ம்."

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டா. கடை கடையா ஏறி எறங்கிச் சொல்றேன்."

"பெரியவரு போயிட்டாரே. அவரு என் மூஞ்சியில காறித் துப்பின மாதிரி சொன்னாரு, 'நீயெல்லாம் ஒரு தொழிலாளியா'ன்னு. அவர எங்க போயி இட்டுகினு வருவே?"



எழிலரசன் எழுந்தான். "எழுதிக்கோ. எல்லாரும் வெள்ளையில பச்சைய ஊத்துவான், தப்பு. மொதல்ல மஞ்சக் காவி. அப்பறம் பச்சை. கடைசியில கறுப்பு, ஊசி மொனை அளவு. கறுப்பு கூடுச்சின்னா சாம்பலாயிடும்."

"நீ வந்து அடிச்சிக் குடுடா."

"கலரு சொல்லிட்டேன். அடிக்கறதுக்கு வேற ஆளப் பாரு." அறுந்த நூலை அருள்தாஸின் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தான். வழியனுப்ப வந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அருள்தாஸ் சொன்னபடி சொன்னார். முதலில் பரிமளாவிடம். அவள் நூலை வாங்கிப் பார்த்தாள். "அன்னிக்கி மாமா அவரத் திட்டினப்ப நான் ஜன்னலாண்ட நின்னு சிரிச்சேண்ணே. புதுப் பொண்ணு, வேடிக்கையா இருந்துச்சு" என்றாள். பிறகு டீக்கடையில், பட்டுக் கடைகளில், ஒவ்வொரு இடத்திலும் நின்று சொன்னார். "பாத்தியா, பெரிய மனுசன்னா இப்பிடித்தான், சிநேகிதன் தப்பத் தன் தலையில போட்டுக்கறாரு" என்றார்கள். அவருடைய நல்ல பெயர் இன்னும் ஒரு சுற்று பெருத்தது. எழிலரசனின் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

வண்டி இப்போது ஷோரூம் வாசலில் நிற்கிறது. மட்கார்டில் புதுத் தகடு, தட்டினால் 'டிங்'. பெயிண்ட் அடித்தவன் வேலூர்க்காரன். கறுப்பு ஒரு சொட்டுக் கூடிவிட்டது. போட்டோ எடுக்க வருகிற யாருக்கும் அது தெரிவதில்லை. அருள்தாஸ் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறார்.

இதுவரைக்கும் எழுதியது பரிமளாவின் மகன் குணா. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எழுதிய நோட்டை அருள்தாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். பீரோவுக்குச் சிரித்தார். ஷெட்டுக்கு எழிலரசன் வந்த இடத்தில் விரல் நின்றது.

"அங்க நானும் எழிலும்தானே இருந்தோம்?"

"கற்பனைங்க மாமா."

"மஞ்சக் காவி, பச்சை, கறுப்பு. வரிசைகூட மாறாம கற்பனை வருமாடா?"

குணா நோட்டுக்குக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"அன்னிக்கி என் டூல் பெட்டியில ஓணான் கெடந்துச்சு. அத விடறதுக்கு வந்து, வண்டியோட பின் சீட்டுல பதுங்கிட்டே. அதானே?"

"இல்லீங்க மாமா."

"மூக்கு உறிஞ்சற சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. நான் நாய்க்குட்டி பூந்துகிச்சின்னு நெனச்சேன்."